ராத்திரி தங்குற ஸ்கூல் ட்ரிப்: டீச்சர் கூட போகணுமா?

நீளமான த்ரெட். ஓஎம்ஆர் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அப்பா அம்மாக்கள் கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. டீச்சர்களும் படிக்கலாம், திட்டணும்னா கீழே திட்டுங்க.

நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சண்டை வராம இருக்காது. ஸ்கூல்ல இருந்து சர்க்குலர் வரும். ரெண்டு ராத்திரி, மூணு பகல். ஏற்காடோ கொடைக்கானலோ ஏதோ ஒரு கேம்ப். கூட வரப்போறது கேம்ப் கம்பெனி ஆட்கள், ஸ்கூல் சார்பா "ஒருங்கிணைப்புக்கு" ரெண்டே பேர். உடனே ஒரு அம்மா கேப்பாங்க, கிளாஸ் டீச்சர் ஏன் வரலைன்னு. இன்னொருத்தர், டீச்சருக்கும் வீட்ல குழந்தை இருக்குங்கன்னு சொல்வார். மூணாவதா ஒருத்தர் வந்து, "சம்பளம் வாங்குறாங்கல்ல?"ன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிடுவார். அந்த ஒரு வரிக்கு அப்புறம் 200 மெசேஜ்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பிள்ளைகள் ராத்திரி தங்குற இடத்துல அவங்களைத் தெரிஞ்ச டீச்சர் இருந்தே ஆகணும். அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. ஆனா இன்னைக்கு நாம எதிர்பார்க்கிற மாதிரி, அதாவது இலவசமா, ஓய்வில்லாம, எந்த அதிகாரமும் இல்லாம, ஆனா ஏதாவது ஆனா முதல் ஆளா ஜெயிலுக்குப் போற மாதிரி இல்ல.

ஏன் இருந்தே ஆகணும்னு சொல்றேன்? 2024 ஆகஸ்ட், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என்சிசி முகாம்னு சொல்லி நடத்தினாங்க. என்சிசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நடத்தினவர் போலிப் பயிற்சியாளர். பெண் பிள்ளைகள் 17 பேரை முதல் மாடி ஆடிட்டோரியத்துல தங்க வச்சாங்க, பையன்களைக் கீழ்த்தளத்துல. அங்க ஒரு 13 வயசுக் குழந்தைக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது. விசாரணையில போலீஸ் சொன்ன ஒரு தகவல் இந்த விவாதத்துக்கே மையமானது: முகாமைக் கண்காணிக்க ஆசிரியர் ஒருத்தரைக் கூடப் பள்ளி நியமிக்கல.

கவனிங்க, இது வெளியூர் ட்ரிப் கூட இல்ல. சொந்தப் பள்ளிக் கட்டடம். சுவர், கேட், பேர்ப்பலகை எல்லாம் நம்ம ஸ்கூலோடது. ராத்திரி உள்ளே இருந்த பெரியவங்க மட்டும் வெளியாள். அந்தக் குழந்தை விஷயத்தைச் சொன்ன பிறகும் பள்ளி போலீசுக்குப் போகல, அமுக்கப் பார்த்தாங்க. பள்ளி முதல்வர், தாளாளர் உட்படப் பலர் கைதானாங்க. போக்சோ சட்டத்துல பிரிவு 19 தெளிவா சொல்லுது, தெரிஞ்சவங்க புகார் கொடுத்தே ஆகணும். நிறுவனத் தலைமையில இருக்கிறவர் மறைச்சா 1 வருஷம் வரைக்கும் சிறைன்னு பிரிவு 21 சொல்லுது. இது பள்ளிக்கு மட்டுமில்ல, எங்க டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, அப்போ டீச்சர் இருந்தா போதுமா? போதாது.

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் தொட்டியத்துக்குக் கால்பந்து போட்டிக்குப் போனாங்க. கூட ஆசிரியர்கள் போயிருந்தாங்க. வழியில மாயனூர் கதவணைப் பக்கம் காவிரியில இறங்கினாங்க. 4 பிள்ளைகள் மூழ்கிப் போனாங்க. 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள். தலைமை ஆசிரியரும் 2 ஆசிரியர்களும் சஸ்பெண்ட்.

2024 டிசம்பர் 10, கர்நாடகா முருடேஸ்வர் கடற்கரை. கோலார் மாவட்டம் முல்பாகல் பக்கத்து மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளியில இருந்து சுற்றுலா வந்த மாணவிகள்ல 4 பேர் அலையில போயிட்டாங்க. அங்கேயும் ஆசிரியர்கள் கூட இருந்தாங்க. கைதும் ஆனாங்க.

2022 அக்டோபர் 5 ராத்திரி, பாலக்காடு வடக்கஞ்சேரி. எர்ணாகுளம் பக்கத்துப் பள்ளியில இருந்து ஊட்டிக்குக் கிளம்பின டூரிஸ்ட் பஸ், கேரள அரசு பஸ் பின்னாடி மோதினது. 9 பேர் இறந்தாங்க: 5 மாணவர்கள், 3 அரசு பஸ் பயணிகள், 1 ஆசிரியர். பஸ் அப்போ கிட்டத்தட்ட 98 கிலோமீட்டர் வேகத்துல போயிருக்கு. ராத்திரிப் பயணம் கூடாதுன்னு வழிகாட்டுதல் ஏற்கெனவே இருந்தது. உயிரையே கொடுத்த அந்த ஆசிரியரால டிரைவரை நிறுத்தச் சொல்லி நிறுத்த வைக்க முடிஞ்சிருக்குமா? நம்ம ஊர் ட்ரிப் பஸ்ல ஒரு தடவை போய்ப் பாருங்க. பாட்டு ஓடும், லைட் எரியும். பின் சீட்ல இருந்து ஒரு டீச்சர் "மெதுவா போங்கண்ணா"ன்னா டிரைவர் கண்ணாடில பார்த்துச் சிரிப்பார். அவ்வளவுதான் அவங்க அதிகாரம்.

இந்த நாலு சம்பவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒண்ணு தெரியும். ஆள் இல்லாத இடத்துல நடந்தது வேற மாதிரி. ஆள் இருந்தும் நடந்தது வேற மாதிரி. "டீச்சர் வந்தாங்களா இல்லையா"ங்கிறது பாதிக் கேள்வி. வந்தவங்களுக்கு "வேண்டாம், இறங்கக் கூடாது, கிளம்பக் கூடாது"ன்னு சொல்ற உரிமை இருந்ததாங்கிறதுதான் மீதி.

இப்போ என் பக்கத்துக்கு வர்றேன், ஆஸ்பத்திரிப் பக்கம்.

எம்பிபிஎஸ் முடிச்ச புதுசுல மலையடிவாரத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை. மலை ஏற வர்ற ஸ்கூல் ட்ரிப் கேஸ் எல்லாம் எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் வரும். பெரும்பாலும் வாந்தி, காய்ச்சல், கால் பிசகினது. ஒரு நாள் நடு ராத்திரி தாண்டி ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. 9 வயசு இருக்கும், நல்ல வீசிங். கூட வந்தது கம்பெனி டி-ஷர்ட் போட்ட ஒரு தம்பி, 22 வயசு இருக்கலாம். நல்ல பையன், பயந்து போய் நிக்கிறான். பிள்ளைக்கு முன்னாடி ஆஸ்துமா இருந்ததா? தெரியாது. எந்த மருந்துக்காவது அலர்ஜி? தெரியாது. எடை? தெரியாது. அவன் கையில இருந்தது பேரும் அப்பா நம்பரும் மட்டும் இருக்கிற ஒரு லிஸ்ட். அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

நெபுலைசர் போட்டோம், அரை மணி நேரத்துல பையன் தெளிஞ்சுட்டான். அப்புறம் அவனே சொல்றான், "இன்ஹேலர் என் பையில இருக்கு அங்கிள். அம்மா வச்சாங்க. யாரும் கேக்கல."

அதே ஆஸ்பத்திரி, வேற ஒரு ராத்திரி. ஒரு பெண் பிள்ளைக்கு வலிப்பு. தூக்கிட்டு ஓடி வந்தது அவளோட டீச்சர். நான் கேக்கிறதுக்கு முன்னாடியே அவங்க சொல்லிட்டாங்க: "டாக்டர், இவளுக்கு ரெண்டு வருஷமா வலிப்பு மாத்திரை ஓடுது. இன்னைக்கு சாயங்காலம் மாத்திரை போட்டா, ஆனா பஸ்ல உடனே வாந்தி எடுத்துட்டா. மாத்திரை உள்ளே போயிருக்காது." மாத்திரை அட்டையும் கையில இருந்தது. அந்த நாலு வாக்கியம் எனக்கு என்ன மிச்சம் பண்ணுச்சுன்னு டாக்டருங்களுக்குப் புரியும். புது வலிப்பா, மூளைக்காய்ச்சலா, தலையில அடியான்னு தேடிட்டு இருக்க வேண்டியதில்ல. பக்கத்து மாவட்டத்துக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்ப வேண்டியதில்ல.

பிள்ளையைத் தெரிஞ்ச ஆள்னு நான் சொல்றது இதைத்தான். எந்தப் பிள்ளை பயந்தா பேசாம உட்காரும், எது பயந்தா சத்தம் போடும்னு வருஷம் பூரா பார்த்த ஆள். அஞ்சாவது படிக்கிற பையன் ராத்திரி படுக்கையை நனைச்சிட்டா கேம்ப் அண்ணன்கிட்ட சொல்ல மாட்டான். முதல் பீரியட் கேம்ப்ல வந்த பொண்ணு யார்கிட்ட போவா? தனக்குப் பிடிச்ச மிஸ் இருந்தா மட்டும்தான் போவா. இல்லைன்னா டாய்லெட்ல உட்கார்ந்து அழுதுட்டே இருப்பா.

எடையை ஏன் கேக்கிறோம்னா, குழந்தைகளுக்கு மருந்து எடைக் கணக்கு. காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் கூட ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குத்தான். ஒரே நாலாம் வகுப்புல 20 கிலோ பிள்ளையும் இருக்கும், 45 கிலோ பிள்ளையும் இருக்கும்.

சட்டத்துலயும் ஒரு விஷயம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 12 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நல்லெண்ணத்தோட செய்யற சிகிச்சைக்கு, பெற்றோர் மட்டுமில்ல, சட்டப்படி அந்தக் குழந்தையின் பொறுப்பில் இருக்கிறவரும் சம்மதம் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 27. உயிருக்கு ஆபத்துன்னா, யார் சம்மதமும் நேரத்துக்குக் கிடைக்கலைன்னா, நாங்க காத்திருக்கவே வேண்டாம், அது பிரிவு 30. அவசரம்னு வந்தவருக்கு முதல்ல வைத்தியம், மத்ததெல்லாம் அப்புறம்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சொல்லிடுச்சு. ஆனா எல்லாமே அந்த மாதிரி நிமிஷக் கணக்கு இல்ல. கை எலும்பு முறிஞ்சிருக்கு, மயக்க மருந்து கொடுத்து நேராக்கணும். குடல்வால் மாதிரி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அப்போ எதிர்ல பொறுப்பா பேச ஒரு ஆள் வேணும். பள்ளி எழுத்துல பொறுப்பு கொடுத்து அனுப்பின டீச்சர் அந்த ஆளா இருக்க முடியும். நேத்து வேலைக்குச் சேர்ந்த கேம்ப் தம்பி அந்த நாற்காலியில உட்கார முடியுமான்னு எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு சொல்லிட்டு டீச்சர் பக்கம் பேசாமப் போனா அது நியாயமில்ல.

முதல்ல, யார் போறாங்கன்னு பாருங்க. கல்யாணமாகாத இளம் டீச்சர், பிடி சார், "இல்ல"ன்னு சொல்ல முடியாத புது ஆள். கைக்குழந்தை இருக்கிற மிஸ், வயசான மாமியாரைப் பார்த்துக்கிற மிஸ் எல்லாம் கெஞ்சிக் கூத்தாடி விடுபடுவாங்க. அப்படி விடுபட்டதுக்கு வருஷம் பூரா ஒரு பேச்சு கேப்பாங்க. தனியார் பள்ளியில ட்ரிப்புக்குன்னு தனியா காசு கொடுக்கிறது அபூர்வம். சனி, ஞாயிறு ட்ரிப்ல கழிஞ்சா திங்கள் காலை அசெம்பிளிக்கு நிக்கணும். எங்களுக்காவது நைட் டூட்டி முடிஞ்சா ஆஃப் உண்டு. காகிதத்துலயாவது.

இது வெறும் கஷ்டம் பத்தின பேச்சு இல்ல, பாதுகாப்பு விஷயம். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிற ஒருத்தரோட கவனம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்குக் குறையுதுன்னு 1997ல ஆஸ்திரேலியாவுல டாசன், ரீட் ரெண்டு பேரும் அளந்து காட்டினாங்க. 24 மணி நேரம்னா 0.10 சதவீத அளவு. நம்ம மோட்டார் வாகனச் சட்டப்படி 0.03 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. காலையில 5 மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்ன டீச்சர், ராத்திரி முழுக்க வராண்டாவுல முழிச்சிருந்த டீச்சர், மறுநாள் 40 பிள்ளைகளை அருவிப் பக்கம் பார்த்துக்கணும்னு அனுப்புறோம். போலீஸ் ஊதச் சொன்னா மாட்ட மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணீர்ல மூழ்கிற பிள்ளை சினிமால வர்ற மாதிரி கை தூக்கிக் கத்தாது. வாய் தண்ணிக்கு மேல வர்ற நேரம் மூச்சு இழுக்கவே போதாது, சத்தம் எங்கே வரும்? சத்தமில்லாம, ஒரு நிமிஷத்துக்குள்ள கீழே போயிடும். தூக்கம் கெட்ட கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ரெண்டாவது, வழக்கு. அலட்சியத்தால மரணம்னா பழைய 304ஏல 2 வருஷம் வரை இருந்தது. புதுச் சட்டத்துல பிரிவு 106, 5 வருஷம் வரை. எங்களுக்கு, பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையில செய்த தவறுக்கு, 2 வருஷம்னு தனியா எழுதி வச்சாங்க. டீச்சருக்கு அப்படி ஒரு வரி கிடையாது. சிறார் நீதிச் சட்டம் பிரிவு 75, பொறுப்பில் இருக்கிறவர் தெரிஞ்சே புறக்கணிச்சா 3 வருஷம் வரை. ஒண்ணும் தப்பு செய்யாத டீச்சர் கூட எஃப்ஐஆர்ல பேர் வந்துட்டா வேலை போச்சு, பேர் போச்சு. போகச் சொன்ன நிர்வாகம் "எங்களுக்குத் தெரியாம ஆத்துல இறக்கிட்டாங்க"ன்னு ஒதுங்கிடும்.

கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 27 காட்டி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேற வேலைக்கு எங்களை அனுப்பக் கூடாதுன்னு சில டீச்சர் நண்பர்கள் வாதிடறாங்க. அது கல்வி சாராத வேலைக்கான தடை. ட்ரிப்பைப் பள்ளியே பாடத்தோட பகுதின்னு சொல்லும்போது அந்த வாதம் நிக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா அதே தர்க்கத்தைத் திருப்பிப் போடலாமே. பாடத்தோட பகுதின்னா அது வேலை. வேலைன்னா அதுக்கு நேரம், ஓய்வு, காசு எல்லாம் உண்டு.

மத்த நாட்டுல என்ன ஆச்சு? இங்கிலாந்துல 1993 மார்ச்சுல லைம் விரிகுடாவுல கயாக் ஓட்டப் போன பள்ளிப் பிள்ளைகள் 4 பேர் இறந்தாங்க. வெளி நிறுவனம் நடத்தின பயிற்சி. அதுக்கப்புறம் 1995ல இந்த மாதிரி மையங்களுக்கு உரிமம் கட்டாயம்னு சட்டமே வந்தது. ஆனாலும் பழி டீச்சர் மேலயே விழுதுன்னு 2004ல அங்க ஒரு பெரிய ஆசிரியர் சங்கம், ட்ரிப்புக்கே போகாதீங்கன்னு உறுப்பினர்களுக்குச் சொன்னது. தென் கொரியாவுல 2022ல சோக்சோ நகரத்துல ட்ரிப் போன ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தை பஸ் மோதி இறந்தது. 2025 பிப்ரவரியில கோர்ட் வகுப்பு டீச்சருக்கே, நிறுத்தி வைக்கப்பட்டதுன்னாலும், சிறைத் தண்டனை கொடுத்தது. ட்ரிப்பே வேண்டாம்னு டீச்சர்கள் ஒதுங்க ஆரம்பிச்சாங்க. நஷ்டம் யாருக்கு? காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை அப்பா அம்மாவோட ஊட்டி போயிடும். பிலிப்பட்டி மாதிரி ஊர்ப் பிள்ளைக்கு வெளியூர்னா பள்ளி கூட்டிட்டுப் போறது மட்டும்தான். ட்ரிப்பை நிறுத்துங்கன்னு சொல்றவங்க அதையும் யோசிக்கணும்.

ஜப்பான்ல பள்ளிச் சுற்றுலான்னா ஆசிரியர்களோட பள்ளியில இருக்கிற உடல்நல ஆசிரியரும் கிளம்புறது வழக்கம். யார் என்ன மருந்து சாப்பிடறாங்கங்கிற விவரம் அவங்க கையில இருக்கும். நம்ம ஓஎம்ஆர் ஸ்கூல்கள்ல சிக் ரூம்ல நர்ஸ் இருக்காங்க, ஃபீஸ்ல அதுக்கும் சேர்த்துத்தான் வாங்குறாங்க. ட்ரிப் அன்னைக்கு அந்த நர்ஸ் காலி ஸ்கூல்ல உட்கார்ந்திருப்பாங்க. ஏன்னு கேளுங்க.

அடுத்த சர்க்குலர் வரும்போது "கிளாஸ் டீச்சர் வருவாங்களா"ன்னு மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க. ராத்திரி முழிச்சிருக்கப் போறது யார், அவங்க மறுநாள் தூங்குவாங்களா, பெண் பிள்ளைகள் தங்குற மாடியில பெண் டீச்சர் உண்டா, பஸ் ராத்திரி ஓடுமா, தண்ணீர்ல இறங்கற நிகழ்ச்சி இருக்கா, மழைன்னா ரத்து பண்ற முடிவு டீச்சர் கையிலயா கேம்ப் கம்பெனி கையிலயா. இதையெல்லாம் எழுத்துல கேளுங்க. டீச்சருக்கு எவ்வளவு கொடுக்கறீங்க, எத்தனை நாள் லீவுன்னும் கேளுங்க. கேக்கக் கூச்சமா இருக்கும். கேம்புக்குக் கட்டற காசுல ஒரு பங்கு அதுக்குப் போகணும்னு பெற்றோர் சொன்னா ஸ்கூல் மறுக்கிறது கஷ்டம்.

இன்னொண்ணு. ட்ரிப்ல டீச்சர் "கடல்ல இறங்கக் கூடாது"ன்னு சொல்லிட்டா, திரும்பி வந்ததும் "இவ்வளவு காசு கட்டி பீச்ல கால் கூட நனைக்க விடலையாம்"னு குரூப்ல போடாதீங்க. கோவளம், மாமல்லபுரம் கடல் பக்கத்துல குடியிருக்கிற நமக்கு அலை எப்படி இழுக்கும்னு தெரியாததா?

"எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல"ன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து கேப்பாங்க. அந்தக் கையெழுத்து அலட்சியத்துக்கான கிரிமினல் வழக்கை நிறுத்தாது, வழக்கு போடறது அரசு. அதனால அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பள்ளி அதை நம்பி நிம்மதியா தூங்கவும் வேண்டாம். அதைவிட உபயோகமான தாள் ஒண்ணு இருக்கு. அரைப் பக்கம் போதும், ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணு டீச்சர் கையில, ஒண்ணு பிள்ளையோட பையில. முழுப் பேர், பிறந்த தேதி, இருக்கிற நோய், சாப்பிடற மருந்து எத்தனை மில்லிகிராம் எந்த நேரம், ஒத்துக்காத மருந்து, ஒத்துக்காத சாப்பாடு, இன்ஹேலர் எந்தப் பையில எந்த ஜிப்ல, ராத்திரி எடுக்கிற மாதிரி ரெண்டு போன் நம்பர். ட்ரிப் முடியற வரைக்கும் அந்த ரெண்டு போனையும் சைலன்ட்ல போடாதீங்க.

எடையும் எழுதுங்க. போன வருஷம் ஸ்கூல் டைரியில எழுதினது இல்ல, இந்த வாரம் பார்த்த எடை.